நாற்பத்தைந்து நாட் வேகம்

45 நாட்! மணிக்கு 83 கிலோமீட்டருக்கும் மேல்! 1935-ஆம் ஆண்டு சோதனை ஓட்டத்தில், 'லெ தெரிப்ள்' எனும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் காட்டிய வேகம் அது. சோதனை ஓட்டமென்பது சுமை குறைத்து நடத்துவது. போர்க்களத்து ஓட்டம் வேறு. எனினும், உலகே வியந்தது உண்மை.

1922-ல் வாஷிங்டனில் கூடிய வல்லரசுகள், பெரும் போர்க்கப்பல்களுக்கு எல்லை வகுத்தன. நாசகாரிகளின் எண்ணிக்கைக்கு வகுக்கவில்லை. மத்தியதரைக் கடலில் எதிரே நின்றது இத்தாலி. 1930-ல் இலண்டனில், பெரிய நாசகாரி 1,850 டன்னுக்கு மேற்படலாகாது என்றனர். அந்த ஷரத்தைப் பிரான்சு ஏற்கவில்லை. 'லெ தெரிப்ள்' இனமோ, 2,569 டன்! இப்படிப் பெருத்தவை, விரைந்தவை, மொத்தம் 32 கட்டினர். யாரை வெல்ல? யாரைக் காக்க?

1940-ல் பாரிஸ் வீழ்ந்தது. விஷி ஆட்சி பணிந்தது. 1942 நவம்பரில் ஜெர்மானியர் தெற்கையும் விழுங்கப் புறப்பட்டபோது, துலோன் துறைமுகத்தில் கப்பற்படை நின்றிருந்தது. வடஆப்பிரிக்காவுக்கு வருமாறு அழைப்பு வந்தது. தளபதி லபோர்த் மறுத்துவிட்டார். நவம்பர் 27-ஆம் நாள் விடியலில், பிரெஞ்சுக்காரர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தனர். போர்வெற்றிகளின் பெயர் தாங்கிய 'வால்மி', 'வெர்தன்' மூழ்கின. 'லேந்தோம்தாப்ள்' மூழ்கியது, அடக்கவொண்ணாதது என்பது அப்பெயரின் பொருள்! பகைவன் கைக்குப் போகாமல் தடுத்தோம் என்றனர். பொய்யல்ல, ஆனால் பகைவனை எதிர்க்கவும் அவை போகவில்லையே, தோழரே!

அதே இனத்து 'லெ திரியோம்ஃபான்' துலோனில் இல்லை. சுதந்திர பிரெஞ்சுப் படையினர் வசம் பசிபிக் கடலில் இருந்தது. 1942 பிப்ரவரியில், ஜப்பானியர் வருமுன், நவுரு தீவுக்கு விரைந்தது. இங்கே வேகம் பயன்பட்டது, உயிர்களைக் காத்தது. மாலுமிகளின் துணிவைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் ஏற்றிச் சென்றது யாரை? பாஸ்பேட் கம்பெனியின் வெள்ளையரை. அங்கு உழைத்த சீனத் தொழிலாளர் பெரும்பாலோரை. மண்ணுக்குரிய நவுரு மக்களோ, கரையில் விடப்பட்டனர்.

ஆகஸ்டில் ஜப்பானியர் இறங்கினர். 1943-ல் சுமார் 1,200 நவுரு மக்களைக் கப்பலேற்றி, ட்ரக் தீவுகளுக்குக் கொண்டு போயினர். பசியும் நோயும் தின்றது போக, 1946 ஜனவரியில் தாய்மண் திரும்பியவர் 737 பேர்.