படைக்கலம் கொடுத்தவனே நற்சான்றும் கொடுப்பதா?

ஓர் அரசு இன்னோர் அரசுக்குப் படைக்கலம் வழங்கும்போது இரும்பையும் வெடிமருந்தையும் மட்டுமே வழங்குவதில்லை. தன் கையையும் சேர்த்தே வழங்குகின்றது. அப் படைக்கலம் எவர் நெஞ்சைத் துளைக்கின்றதோ, அவர் சிந்திய குருதியில் பெற்றவனுக்கு எத்துணைப் பங்குண்டோ, கொடுத்தவனுக்கும் அத்துணைப் பங்குண்டு. இவ்வுண்மையை வல்லரசுகள் அறியாதவை அல்ல. அறிந்தமையாற்றான் படைக்கலப் பெட்டியோடு இன்னொன்றையும் சேர்த்து அனுப்புகின்றன. அதற்கு மாந்த உரிமைக் கட்டுப்பாடு என்று பெயர். கிளர்ச்சியை அடக்கலாம், ஆயின் குடிமக்களைக் கொல்லலாகாது, கொன்றால் உதவி நிற்கும் என்பதே அதன் பொருள். கேட்பதற்கு இனிய சொற்களே! அச் சொற்களுக்கு உயிர் உண்டா, அன்றி அவை வெறும் மைதானா என்று அறிய விழைவோர், நடு அமெரிக்காவின் மிகச் சிறிய நாடாகிய எல் சால்வடோரில் நடந்த பன்னீராண்டுப் போரைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

எல் சால்வடோர் குளம்பி விளையும் நாடு. அதன் நன்னிலங்கள் மிகச் சில குடும்பங்களின் கையில் இருந்தன. நிலத்தில் உழைத்தவர்க்கு நிலமில்லை. 1932-ஆம் ஆண்டு உழவர் கிளர்ந்தெழுந்தபோது படை அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்று குவித்தது. அதன்பின் 1979 வரை படைத்தலைவர்களின் ஆட்சியே நடந்தது. தேர்தல்கள் நடவாமல் இல்லை. ஆனால், முடிவை எழுதியவர் வாக்களித்தவர் அல்லர். வாக்கால் முடியாதென்று கண்டவர் படைக்கலம் எடுத்தனர். 1980-இல் கிளர்ச்சி அமைப்புகள் ஒன்றிணைந்து பராபுண்டோ மார்த்தி நாட்டு விடுதலை முன்னணி என்று பெயர் பூண்டன. பக்கத்து நாடாகிய நிகரகுவாவில் 1979-இல் நிகழ்ந்த ஆட்சிமாற்றம் இங்கும் தொடரும் என்ற அச்சத்தால், அமெரிக்கா எல் சால்வடோர் அரசுக்குத் தோள் கொடுத்தது. போர் முடியும்வரை படைத்துறைக்கென்று மட்டும் அது கொட்டியது 100 கோடித் தாலருக்கும் மேல்.

இவ்வுதவி வேண்டா என்று முதலில் எழுந்த குரல் கிளர்ச்சியாளர் குரலன்று. 1980 பிப்பிரவரியில் சான் சால்வடோர்ப் பேராயர் ஆசுக்கர் உரோமேரோ, அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டருக்கு மடல் எழுதினார். படைத்துணை, மக்கள்மேல் ஏவப்படும் அடக்குமுறையை மேலும் கூராக்கவே செய்யும். ஆதலின் அதனை அனுப்பவேண்டா என்று அவர் வேண்டினார். மார்ச்சு 23-ஆம் நாள் தம் மறையுரையில், அடக்குமுறையை நிறுத்துமாறு படைஞரை நோக்கியே கட்டளையிட்டார். மறுநாள், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராயர் மாண்டார், படைத்துணை மாளவில்லை.

அதே ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள், அந்நாட்டில் இறைப்பணியாற்றிய அமெரிக்கப் பெண்டிர் நால்வரை அரசின் காவற்படையினரே கற்பழித்துக் கொன்றனர். கொல்லப்பட்டோர் தம் நாட்டவர் என்றதும் கார்ட்டர் உதவியை நிறுத்தினார். நிறுத்திய கை எத்துணை நாள் நின்றது? 1981 சனவரியில் கிளர்ச்சியாளர் பெருந்தாக்குதல் தொடங்கினர். அம் மாதமே உதவி மீண்டும் பாய்ந்தது. கொலைக்குற்றம் அப்படியே இருந்தது. கொலைஞரைக் கூண்டிலேற்றும் பணி தொடங்கவே இல்லை. மாறியது போர்முனையின் நிலை ஒன்றே. மாந்த உரிமை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பதை அந்த ஒரு மாதமே காட்டிவிட்டது.

இந்நிலையைக் கண்டு நாணிய அமெரிக்க நாடாளுமன்றம் 1981 இறுதியில் ஒரு சட்டம் இயற்றிற்று. எல் சால்வடோர் அரசு மாந்த உரிமைகளைக் காக்க முயல்கின்றது, தன் படைகளைக் கட்டுக்குள் கொண்டுவருகின்றது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆறு திங்களுக்கு ஒருமுறை நற்சான்று வழங்கவேண்டும். வழங்கினால்தான் உதவி தொடரும் என்பது அச் சட்டம். நல்ல சட்டம்போலவே தோன்றும். ஆயின் அதில் ஒரு புழை இருந்தது. உதவியைக் கொடுக்கத் துடிப்பவர் எவரோ, அவரே நற்சான்றும் எழுதவேண்டும்! கடன் கொடுத்தே தீருவேன் என்று நிற்பவனிடம் கடன் வாங்குபவனின் நாணயத்தை மதிப்பிடச் சொன்னால் அவன் என்ன சொல்வான்?

அச் சட்டத்தின் மை உலர்வதற்கு முன்பே அதனை ஆய்ந்து பார்க்கும் நாள் வந்தது. 1981 திசம்பரில் அத்லகாத்தல் என்னும் படைப்பிரிவு மொராசான் மாவட்டத்தின் எல் மொசோத்தே என்னும் சிற்றூருக்குள் நுழைந்தது. அது அமெரிக்கப் பயிற்றுநர்களால் பயிற்றப்பட்ட பிரிவு. அதன் படைக்கலங்களும் அமெரிக்கா கொடுத்தவை. ஊரார் எல்லாரையும் பிடித்து அடைத்த படைஞர், முதலில் ஆடவரைக் கொன்றனர். பின்னர்ப் பெண்டிரைக் கொன்றனர். இறுதியில் குழந்தைகளைக் கொன்றனர். எல் மொசோத்தேயிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மாண்டவர் ஏறத்தாழ ஆயிரவர் எனப் பின்னாளில் கணக்கிடப்பட்டது. உரூபினா அமாயா என்னும் பெண்மணி மறைந்திருந்து பிழைத்தார். அவருடைய கணவரும் நான்கு பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

அவ்வம்மையாரின் வாய்மொழியைக் கேட்டும், கொலைக்களத்தை நேரிற் கண்டும் செய்தியாளர் இருவர் எழுதினர். நியூயார்க்கு தைம்சு, வாசிங்டன் போசுட்டு ஆகிய இரு நாளேடுகளும் 1982 சனவரி 27-ஆம் நாள் அச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டன. மறுநாள், சனவரி 28. அன்றுதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இரேகன், எல் சால்வடோர் அரசு மாந்த உரிமைத் துறையில் முன்னேறுகின்றது என்று நற்சான்று எழுதிக் கையொப்பமிட்டார்! அடுத்தடுத்த நாளில் நேர்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டுவதில்லை.

அதற்குப் பின் நடந்தது அதனினும் இழிவு. அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் அப் பகுதிக்குச் சென்றனர். ஆயின் எல் மொசோத்தேக்குள் அவர்கள் கால் வைக்கவில்லை. அயலுறவுத்துறையின் உயர் அலுவலர் தாமசு எண்டர்சு, படை திட்டமிட்டுக் குடிமக்களைக் கொன்றமைக்குச் சான்று கிடைக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் கூறினார். செல்லாத இடத்தில் சான்று எங்ஙனம் கிடைக்கும்? கொலை செய்தவன்மேல் பாயவேண்டிய ஐயம், செய்தி எழுதியவர்மேல் பாய்ந்தது. 1982-லும் 1983-லுமாக நான்கு முறை நற்சான்று வழங்கப்பட்டது. சட்டத்தை நீட்டிக்க நாடாளுமன்றம் முனைந்தபோது, 1983 நவம்பரில் இரேகன் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். பொய்ச்சான்று எழுதும் தொல்லையும் அத்துடன் ஒழிந்தது!

இதற்கு மறுமொழியாக உதவி ஆதரவாளர் கூறுவன இரண்டு. கிளர்ச்சியாளரும் கொன்றனரன்றோ என்பது ஒன்று. கொன்றனர், அதை மறைத்தல் அறமாகாது. ஊர்த் தலைவர்கள் பலரைக் கிளர்ச்சியாளர் கொன்றனர். 1985-இல் தலைநகர் உணவகங்களில் சுட்டுப் பொதுமக்கள் உயிரையும் போக்கினர். அவையும் குற்றங்களே. ஆயின் அளவு என்று ஒன்றுண்டு. 1992 அமைதி உடன்படிக்கையின்படி உலக நாடுகள் மன்றம் அமைத்த உண்மை ஆணையம் 22,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்றது. அவற்றுள் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசின் படையினர்மீதும் அவர்களோடு சேர்ந்த கொலைக்குழுக்கள்மீதும் சுமத்தப்பட்டவை. கிளர்ச்சியாளர்மீது சுமத்தப்பட்டவை ஏறத்தாழ 5 விழுக்காடு. அன்றியும், கிளர்ச்சியாளரின் சுடுகலனுக்கு அமெரிக்கக் குடிமகன் வரி செலுத்தவில்லை. படைஞனின் சுடுகலனுக்குச் செலுத்தினான். எவன் கொடுக்கின்றானோ அவனுக்கே தன் கொடையைப் பற்றிய பொறுப்பு முதலில் உண்டு.

உதவியை நிறுத்தினால் சொல்வாக்கும் போய்விடும். உடனிருந்து திருத்துவதே மேல் என்பது இரண்டாவது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உதவி பெறுபவன் கொடுப்பவன் சொல்லைக் கேட்பான் என்பது உண்மையே. ஆனால், எப்போது கேட்டான்? 1983 திசம்பரில் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் சார்சு புசு சான் சால்வடோருக்கே சென்று, கொலைக்குழுக்களை ஒழிக்காவிடில் உதவி நிலைக்காது என்று படைத்தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அதன்பின் கொலைக்குழுக்களின் கொலைகள் குறைந்தன. நின்றுவிடவில்லை, ஆயினும் குறைந்தன. ஆகவே, குறைக்க முடியாதென்று அதுவரை சொல்லிவந்தது பொய்யென்று அன்றே விளங்கிற்று. உதவி நிற்கும் என்பதை நம்பியபோது படைத்தலைவர்கள் அஞ்சினர். நிற்காது என்று தெரிந்தபோது நகைத்தனர். சொல்வாக்கு கொடுப்பதால் வருவதன்று. நிறுத்தத் துணிவதால் வருவது.

துணியாமையின் விலை 1989-இல் மீண்டும் தெரிந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உதவி பெற்ற பின்னும் கிளர்ச்சியாளர் அந்நவம்பரில் தலைநகருக்குள்ளேயே நுழைந்தனர். அச்சமுற்ற படைத்தலைமை என்ன செய்தது? நவம்பர் 16-ஆம் நாள் நடு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துள் அத்லகாத்தல் படைஞரை அனுப்பி, அமைதிப் பேச்சை வற்புறுத்திவந்த ஏசு அவைத் துறவியர் அறுவரையும், அவர்கள் இல்லத்தில் பணிபுரிந்த பெண்ணையும், அவர் மகளையும் கொன்றது. எல் மொசோத்தேயில் நுழைந்த அதே பிரிவு! முதற்கொலைக்கு நற்சான்று பெற்றவன் அடுத்த கொலைக்குத் தயங்குவானா? இம்முறை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று தானே ஆய்ந்து, படை அலுவலர் உண்மையை மறைப்பதை வெளிப்படுத்தியது. 1990-இல் படைத்துணையில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. உலகச் சூழலும் மாறியிருந்தது. இரு தரப்பும் வெல்ல முடியாதென்று உணர்ந்தன. 1992 சனவரி 16-இல் அமைதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதற்குள் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டிருந்தனர். படைத்துணை தேடிய வெற்றி கிட்டவே இல்லை. பேச்சுத்தான் போரை முடித்தது.

அவ்வாண்டே எல் மொசோத்தேயின் மண் அகழப்பட்டது. கோயிலை அடுத்த ஒரு சிறு கட்டடத்துள் மட்டும் 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவருள் 131 பேர் 12 ஆண்டு அகவை நிரம்பாத குழந்தைகள். உடன் கிடைத்த குண்டுகளின் உறைகளுள், முத்திரை படிக்கக்கூடியவை 184. அவை அமெரிக்காவின் மிசோரி மாநிலத்து இலேக்கு சிட்டித் தொழிலகத்தில் அமெரிக்க அரசுக்கெனச் செய்யப்பட்டவை. சான்று இல்லை என்றார்களே, அந்தச் சான்று பதினோராண்டுகள் மண்ணுக்குள் முத்திரையோடு கிடந்தது! உரூபினா அமாயா தொடக்கத்திலேயே சொன்னதைத்தான் அம் மண்ணும் சொன்னது. வல்லரசின் கையொப்பம் பொய்த்தது. எல்லாம் இழந்த ஒரு பெண்ணின் வாய்ச்சொல் பொய்க்கவில்லை.

உண்மை வெளிவந்தும் முறை கிடைத்ததா? 1993 மார்ச்சு 15-இல் உண்மை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. ஐந்தே நாளில் எல் சால்வடோர் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் இயற்றிக் குற்றவாளிகளைக் காத்தது. அச் சட்டம் செல்லாதென்று அந்நாட்டு உச்ச மன்றம் 2016-இல்தான் தீர்ப்பளித்தது. உரூபினா அமாயா அதனைக் காணவில்லை, 2007-இலேயே மறைந்தார். துறவியர் கொலைக்காக முன்னாள் படைத்தலைவர் ஒருவருக்கு 2020-இல் 133 ஆண்டுச் சிறை விதித்ததும் தொலைவிலுள்ள இசுப்பானிய மன்றமே.

இப் பாடம் முற்றிலும் வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. 1997-இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் பேட்ரிக்கு இலேகியின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. கொடிய உரிமைமீறல் செய்ததாக நம்பத்தகுந்த செய்தியுள்ள படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்பது அது. நாட்டை மொத்தமாக மதிப்பிடாமல் பிரிவு பிரிவாகப் பார்க்கச் சொன்னது அதன் சிறப்பு. ஆயினும் 2000 முதல் பேருதவி பெற்ற கொலம்பியாவில் நடந்ததென்ன? வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஏழை இளைஞர் கொல்லப்பட்டுக் கிளர்ச்சியாளராகக் கணக்குக் காட்டப்பட்டனர். 2002 முதல் 2008 வரை அவ்வாறு மாண்டவர் 6,402 பேருக்குக் குறையார் என்று அந்நாட்டின் அமைதி நயன்மன்றம் 2021-இல் அறிவித்தது. பிணங்களின் எண்ணிக்கையே வெற்றிக்கு அளவுகோலானால், எந்தச் சட்டமும் தாளோடு நின்றுவிடும்.

ஆகவே வேண்டுவன மூன்று. முதலாவது, உதவி கொடுப்பவரே நற்சான்று எழுதும் முறை ஒழிதல் வேண்டும்; கொடுப்பதாலும் பெறுவதாலும் ஊதியமில்லாத நடுவரே அதனை எழுதவேண்டும். இரண்டாவது, நிறுத்தம் ஆட்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருத்தலாகாது. குற்றம் தெரிந்த அன்றே உதவி நிற்கவேண்டும். குற்றவாளி கூண்டேறிய பின்னரே மீண்டும் தொடங்கவேண்டும். மூன்றாவது, பாதிக்கப்பட்டவரின் சொல்லே முதற்சான்றாகக் கொள்ளப்படவேண்டும். பொய்யென்று காட்டும் சுமை படையினுடையது.

பாதுகாப்புக்கும் மாந்த உரிமைக்கும் இடையே நடுநிலை காணவேண்டும் என்று அறிஞர் பலர் எழுதுகின்றனர். நிறைகோலின் ஒரு தட்டில் பாதுகாப்பையும் மறு தட்டில் குழந்தைகளின் உயிரையும் வைத்து நிறுப்பது அவர்கள் வழக்கம். அங்கேதான் பிழை தொடங்குகின்றது. மாந்த உரிமை தட்டில் வைக்கும் எடைக்கல் அன்று. நிறைகோலின் முள் அது. முள்ளை ஒடித்துவிட்டு நிறுப்பவன் எதனை நிறுத்தாலும் கள்ள நிறையே நிறுப்பான். எல் மொசோத்தேயின் 131 குழந்தைகள் எந்தத் தட்டிலும் ஏறமாட்டார்கள்!