மானமே ஜாமீன்

கடலூர் சிப்காட் புகையைச் சுவாசிக்கும் குடிகாட்டிலிருந்து எழுதுகிறேன். குழு லோன் டியூ நாளில் ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால், மற்றவர்களையும் எழ விடுவதில்லை. வசூலுக்கு வந்தவர் திட்டத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரியே திட்டுவாள்.

ஏழைகளுக்கு இன்னும் கடன் சேர வேண்டும் என்கிறார்கள். சேரட்டும். எந்தக் கடன்? நிலமுள்ளவர் பட்டாவைக் காட்டிக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்குகிறார். 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும் பறிகொடுத்த தலித் பெண் எதைக் காட்டுவாள்? அவள் மானத்தைத்தான் ஜாமீனாகப் பிடிக்கிறார்கள். வட்டிக்கும் சாதி உண்டு.

2022-இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. தவணைகள் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. வேலை கிடைத்தால்தான் கூலி என்றிருப்பவளின் மாத வருமானத்தை யார் கணக்கிட்டது? 2025-இல் தமிழ்நாடு அரசு கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் காவல் நிலையத்தில் அவள் புகாரை வாங்க வேண்டுமே!

பொதுத்துறை வங்கிகளும் தாட்கோவும் எங்கள் பெண்களுக்கு நேரடியாக, குறைந்த வட்டியில் கடன் தரட்டும். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். கடனைவிட முதலில் எங்களுக்குச் சேர வேண்டியது அதுதான்.