'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க': அதற்குப் பிறகு?

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் கைவிரிக்கும்போது, முற்றிய புற்றுநோயாளிக்குப் பெரும்பாலும் இன்னும் சில வாரங்களோ மாதங்களோ உயிர் இருக்கும். வலி உச்சத்துக்குப் போவது அப்போதுதான். புண் உடைந்து நாற்றம் எடுக்கும், மூச்சு வாங்கும், படுக்கைப்புண் வரும். வீட்டில் ஒருவர், அநேகமாக மனைவியோ மகளோ மருமகளோ, வேலையை விட்டுவிட்டு இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மருத்துவமனைக் கணக்கில் சிகிச்சை முடிந்துவிட்டது; மருத்துவம் அதிகம் தேவைப்படும் காலமோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. இந்தக் காலத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. வீடு தேடி வரும் பயிற்சி பெற்ற செவிலியர், அவர் வழியாகக் கிடைக்கும் மார்ஃபின் மாத்திரை, தெருவில் உதவிக்கு நாலு பேர் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இதை யாரோ நல்ல மனம் படைத்தவர்களின் தொண்டாக விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அன்றாட வேலையாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வலிநிவாரணம் என்றால் தலையைத் தடவி ஆறுதல் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கறாரான தொழில்நுட்பம் இருக்கிறது. வாய்வழி மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு கொடுப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் எழுப்பாமல் இருக்கப் படுக்கும் நேரத்தில் இரட்டை அளவு. மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால் முதல் நாளிலிருந்தே பேதி மாத்திரை. நாற்றமெடுக்கும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் வெகுவாகக் குறைகிறது. நாற்றத்துக்கு அஞ்சி ஒதுங்கிய பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள். இவையெல்லாம் மலிவான மருந்துகள். இருந்தும், உலகில் இத்தகைய பராமரிப்பு தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பை வைத்து எக்கனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் 2010-இல் 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இந்தியா கடைசி இடத்தில் இருந்தது.

மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைவித்து ஏற்றுமதியும் செய்கிற நாடு இது. ஊரார் வலிக்கு மருந்து விளைவித்துக் கொடுத்துவிட்டு நம் நோயாளியைத் துடிக்க விட்டதற்குக் காரணம் சட்டம். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான தண்டனைகளும், ஒரு மாத்திரைக்குப் பல துறைகளிடம் உரிமம் வாங்க வேண்டிய நிலையும் சேர்ந்து, மருத்துவ மார்ஃபின் பயன்பாட்டை அடுத்த சுமார் பத்தாண்டுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்த்தின. மருந்துக்கடைக்காரர் பயந்தார், மார்ஃபினைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்ஃபினை வைத்துக்கொள்வது எளிதானது. பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. "அடிமையாகிவிடுவார்களே, வெளியே கைமாறிவிடுமே" என்ற கேள்விக்குக் கோழிக்கோடு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அங்கே இரண்டாண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டுக்கே மார்ஃபின் கொடுத்தனுப்பிக் கண்காணித்ததில், தவறான பயன்பாடோ கைமாற்றமோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை என்று டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சக ஆய்வாளர்களும் 2001-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகள் நாசம் செய்தது உண்மைதான். அங்கே நிறுவனங்கள் விளம்பரம் செய்து, தேவையில்லாதவர்களுக்கும் விற்றன. நம் சிக்கல் தேவைப்படுவோருக்கே கிடைக்காதது.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய அந்த முயற்சி பெரிதானதற்குக் காரணம் மருத்துவர்கள் மட்டுமல்லர். அக்கம்பக்கத்தாருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, செவிலியரோடு வீடு வீடாக அனுப்பினார்கள். அரிசி வாங்கித் தருவதும், பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதும் இவர்கள் வேலைதான். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்து, உள்ளாட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது. கேரளம் வேறு, நாம் வேறு என்பார்கள். ஆனால் நம்மிடம் கிராம சுகாதார செவிலியர்களின் நீண்ட மரபு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலேயே வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் இடம்பெற்றிருக்கின்றன. வாகனம் வாசலுக்கு வருவது சாதனைதான். அது சர்க்கரை மாத்திரையோடு திரும்பிவிடாமல் மார்ஃபினையும் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு தயக்கம் நுட்பமானது: வலிநிவாரணப் பராமரிப்புக்குச் சம்மதித்தால் நோயாளியை நாமே சாகக் கொடுத்ததாகாதா? பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் (median) 11.6 மாதம் வாழ்ந்தார்கள், பெறாதவர்கள் 8.9 மாதம். இத்தனைக்கும் முதல் பிரிவினருக்குக் கடைசி நாட்களில் தீவிர சிகிச்சை குறைவாகவே நடந்தது. ஒரே ஆய்வை வைத்து ஆயுள் கூடும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆயுளைக் குறைக்கிறது என்ற பயத்துக்கு அது போதிய மறுப்பு.

பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அரசு எதற்கு என்பவர்களுக்கு விருதுநகர் வட்டாரத்திலிருந்து 2010-இல் செய்தியான 'தலைக்கூத்தல்' நினைவிருக்கும். படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் அந்தக் கொடுமையை எதைக் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில், மாதக்கணக்கில் ஒரு மனிதரைப் புரட்டிப் படுக்கவைத்து மலம் அள்ளும் வேலையைத் தனியே ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுக் கடமை பற்றிப் பேசுவது நேர்மையாகாது. வாரம் ஒருமுறை வந்து நிற்கும் செவிலியர் அந்தக் கடமையைப் பறிப்பதில்லை. அதைச் செய்ய முடிகிற காரியமாக்குகிறார்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போனால் இரண்டு கேள்விகளை எழுப்பி, அவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்: நம் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம் எது?