கொம்பு முளைத்தால் போதுமா?

ஆசிரியர் கூட்டம் ஒன்றில், தேநீர் வேளையில், எனக்கு மூத்த தமிழாசிரியர் ஒருவர் மனம் வெதும்பிப் பேசினார். "நம் பிள்ளைகளைப் பார்த்தீர்களா? பாட்டன் காலத்துப் பிக்கப் வண்டியைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அதன் தலையில் ஆளுயரக் கம்பியை நட்டுக்கொண்டு, அமெரிக்க லோரிக்காரனைப் போல் பேசித் திரிகிறார்கள். தமிழனுக்கு இந்தக் கூத்து எதற்கு?" என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு நான் செய்யும் கழுவாயே இக்கட்டுரை.

அவர் வைத்த குற்றச்சாட்டில் பாதி உண்மை; பாதி பழி. எது எந்தப் பாதி என்பதைப் பிரித்துக் காட்டாமல் தலையசைப்பது ஆசிரியருக்கு அழகன்று.

என் பழைய மாணவன் ஒருவன் பட்டர்வொர்த்தில் பட்டறை வேலை பார்க்கிறான். அவனுடைய பாட்டனார் ஒரு மோரிஸ் மைனர் பிக்கப் வைத்திருந்தவர். வெல்ட் கீ கிடங்குகளிலிருந்து கடைத்தெருவுக்கு மிளகாயும் மல்லியும் பருப்பும் ஏற்றிப் பிழைத்தவர். அக்கரைக்குச் சரக்கிருந்தால் வண்டியைப் படகில் ஏற்றிக் கடலைக் கடப்பார். 1985இல் பாலம் திறக்கப்படும்வரை தீவிலிருந்து கரைக்கு வேறு வழி இல்லை. அவருக்குப் பின் பல்லாண்டுகள் சும்மா கிடந்த அந்த வண்டியைப் பேரன் உயிர்ப்பித்தான். பாராட்டத்தக்க செயல்தான். அதன்பின் 1970களின் பாணியில் அதை அழகு செய்ய விரும்பி, 'சிபி' எனப்படும் பொதுமக்கள் வானொலிப் பேசி ஒன்றை வாங்கிப் பொருத்தினான்.

பொருத்திய அன்றே வண்டிக்குள் புகை கிளம்பியது.

"ஐயா, படத்தில் இருந்தபடிதான் செய்தேன். சிவப்புக் கம்பியை நேர்முனையில் கொடுத்தேன். கறுப்பை எதிர்முனையில் கொடுத்தேன். சிவப்பில் ஃபியூஸ்கூட இருந்தது. அது போகவில்லை, கறுப்புக் கம்பிதான் கருகிவிட்டது" என்று என்னிடம் வந்து நின்றான்.

அன்பர்களே, சற்று நின்று இந்தப் புதிரை எண்ணிப் பாருங்கள். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலோ நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். மோரிஸ் மைனர் அவ்வகையைச் சேர்ந்தது. பையன் வாங்கிய பேசியின் இரும்புப் பெட்டி, உள்ளே கறுப்புக் கம்பியோடு சேர்ந்திருந்தது. அப்பெட்டியை வண்டியின் இரும்புப் பலகையில் திருகாணி கொண்டு இறுக்கினான். எதிர்முனையிலிருந்து கறுப்புக் கம்பி வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து வண்டியின் உடலுக்கும், உடலிலிருந்து நேர்முனைக்குமாக மின்சாரத்துக்குத் தடையே இல்லாத வழி திறந்துவிட்டது. சிவப்புக் கம்பி அந்தச் சுற்றில் இல்லவே இல்லை. பின் அதிலிருந்த ஃபியூஸ் எதைக் காக்கும்? பெட்டிக்கடியில் ரப்பரை வைத்துப் பிரித்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. ஏரியல் கம்பியின் மேலுறை பெட்டியோடும் வண்டியின் உடலோடும் ஒருங்கே தொடுத்திருப்பதால், அவ்வழியே அதே சுற்று நிறைவேறியிருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. பேட்டரியின் இணைப்பை மாற்றி எதிர்முனையை உடலோடு சேர்க்கலாம். அவ்வாறு செய்தால் பற்றவைப்புச் சுருளின் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவின் புலச்சுருளுக்கு ஒரு கணம் மின்னோட்டம் கொடுத்து அதன் முனைகளையும் திருப்ப வேண்டும். அல்லது, மின்வழியிலிருந்து பெட்டியைத் தனியே பிரித்து, இருவகை வண்டிக்கும் பொருந்துமாறு 1970களில் செய்யப்பட்ட பேசிகளுள் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். இரண்டில் எதைச் செய்வதற்கும் முதலில் தேவைப்படுவது ஓர் எளிய அறிவு: மின்சாரம் ஒரு சுற்று, புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பியாக வேண்டும்.

இது நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லித் தரக்கூடிய பாடம். அந்தப் பையனுக்கு அதைச் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்பீர்கள். நான்தான். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்தது. இடைப்பட்ட அக்காலத்தில் அவன் என் வகுப்பில் இருந்தான். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாக, கரும்பலகையில் ஒரு பேட்டரியும் ஒரு விளக்கும் வரைந்து, கோடு போட்டு இணைத்து, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு முழம் கம்பியை வகுப்புக்குள் கொண்டுவரவில்லை. பழியைக் கொள்கையின் தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கம்பியைக் கொண்டுவராதே என்று எந்தக் கொள்கையும் எனக்குச் சொல்லவில்லையே!

ஆகவே, "இந்தக் கூத்து எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் முதல் விடை இது: அந்தப் பட்டறையில் கிளம்பிய புகை நம் வகுப்பறையிலிருந்து கிளம்பியது.

இனி இளைஞர்களிடம் வருகிறேன். தம்பிகளே, உங்கள் மீதும் எனக்கு வழக்குண்டு.

நீங்கள் பார்த்து மயங்கும் அந்த அமெரிக்க லோரிக்காரன் அழகுக்காகவா கம்பி நட்டான்? அங்கே 1958இல் 27 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைவரிசை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கடைக்காரரும் உழவரும் அதைப் பயன்படுத்தினார்கள், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 ஜனவரியில் அமெரிக்கச் சாலைகளில் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு சட்டமாயிற்று. எந்த நிலையத்தில் எண்ணெய் கிடைக்கும், எந்த வளைவில் போலிஸ் நிற்கிறது என்ற செய்தி லோரிக்காரனின் அன்றாடப் பிழைப்பாயிற்று. கருவி அப்போதுதான் பரவியது. பாட்டும் திரைப்படமும் பின்னால் வந்தவை. கூட்டம் பெருகியதால் 23 தடங்கள் போதாமல், 1977 ஜனவரி முதல் 40 தடங்களாக்கினார்கள். தேவை முன்னே சென்றது. அலங்காரம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. நீங்களோ வாலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

வண்டிகள் சிலவற்றை அருகில் சென்று பார்த்தேன். கம்பி இருக்கிறது; கம்பியின் அடியில் எதுவும் இல்லை! வெறும் கொம்பு. தமிழில் ஒருவனைக் கடிந்துகொள்ளும்போது, "உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்போம். வண்டிக்கும் அதே கேள்விதான்.

அந்தக் கொம்பின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் வரும். 300ஐ 27ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 11 மீட்டர். அதில் காற்பங்கு 2¾ மீட்டர். சீராக வேலை செய்யும் எளிய ஏரியலின் நீளம் அது. மோரிஸின் கூரையில் அதை நட்டால் வண்டி நிறுத்துமிடத்தின் உத்தரத்தில் இடிக்கும். ஆகவே கம்பியின் ஒரு பகுதியைச் சுருளாகச் சுற்றி உயரத்தைக் குறைக்கிறார்கள். குறைத்ததற்கு ஈடாக இசைவை அளந்து திருத்த வேண்டும். அளக்காமல் பேசினால் அனுப்பிய ஆற்றலில் ஒரு பங்கு கருவிக்கே திரும்பி, அதன் இறுதிநிலைத் திரிதடையத்தைச் சுட்டுவிடக்கூடும். கம்பியை எங்கே நடுவது என்பதும் விளையாட்டன்று. கூரையின் நடுவில் நட்டால் சுற்றிலுமுள்ள இரும்புத் தகடு அலைக்குத் தளமாகும். பின்தொட்டியின் விளிம்பில் நட விரும்பினால், தொட்டியையும் முன்னறையையும் பின்னல் கம்பியால் இணைக்க வேண்டும். நம் ஊர் உப்புக் காற்றோ இணைப்பு ஒவ்வொன்றையும் அரிக்கும். சுரண்டித் துடைத்துக் கொழுப்பு தடவாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும். இத்தனை அறிவு ஒரு கம்பிக்குள் அடங்கியிருக்க, அதை ஆட்டிவிட்டுப் போவதோடு நிறைவடைவீர்களா?

'காலத்துக்கேற்ற அணிகலன்' என்கிறீர்கள். யாருடைய காலம்? வரிசை விளக்குகளும் படத்தில் கண்ட சேற்றுத் தட்டிகளும் டெக்சாஸ் சாலையின் காலம். உங்கள் பாட்டனாரின் காலத்துக்கும் அணிகலன்கள் இருந்தன. கதவில் எழுத்துக் கலைஞர் கையால் தீட்டிய கடைப்பெயர் ஒன்று. சரக்கை மூடும் கித்தான் துணியும் அதைக் கட்டும் மணிலாக் கயிறும் ஒன்று. முன்கண்ணாடிக்குள்ளே தண்ணீர்மலை முருகன் படமும் வாடிய சரமும் ஒன்று. அவற்றை அழித்துவிட்டு அமெரிக்கக் கொடியை ஒட்டினால், வண்டியைப் புதுப்பித்தவர் ஆவீரா, பாட்டனாரை மறைத்தவர் ஆவீரா? வானொலியை வையுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெயர்ப்பலகையின் மேல் வண்ணம் பூசாதீர்கள்.

மீண்டும் ஆசிரியப் பெருமக்களிடம் திரும்புகிறேன். மூன்று மறுப்புகள் வரும் என்பதை அறிவேன்.

முதல் மறுப்பு: "கைத்தொலைபேசி இருக்கும்போது இந்தப் பழங்கருவி எதற்கு?" கைத்தொலைபேசி கோபுரத்தை நம்பி வாழ்வது, கோபுரம் சாய்ந்தால் அது ஊமை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் பினாங்குக் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்தோமா? அன்று அந்தமானின் போர்ட் பிளேரில் தொடர்புகள் அறுந்தபோது, தற்செயலாக அங்கே இருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவருடைய துணைவர்களும் தம் வானொலிக் கருவிகளால் செய்தி அனுப்பி உதவினார்கள். அவர்கள் கையாண்டது தேர்வெழுதி உரிமம் பெறும் தன்னார்வ வானொலி. 4 வாட் சிபிக்கு அத்தனை எட்டும் ஆற்றல் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் அரிச்சுவடி ஒன்றே. சிபியில் தொடங்கும் பிள்ளை அந்தத் தேர்வுக்கும் போகலாம். போகுமாறு தூண்டுவது யார் கடமை?

இரண்டாம் மறுப்பு: "இதற்கெல்லாம் தமிழில் சொல் ஏது?" இதைக் கேட்பவர் தமிழாசிரியராக இருப்பதுதான் வேதனை. மேலே ஒரு கட்டுரை அளவு எழுதிவிட்டேன். எங்கே தடுக்கி விழுந்தேன்? மின்னோட்டம், மின்தடை, அலைநீளம், அதிர்வெண், சுருள், சுற்று, இசைவு: சொற்கள் உள்ளன. பட்டறையில் வழங்கும் ஃபியூஸும் ஏரியலும் அவற்றோடு உட்கார்ந்தால் தமிழ் கெட்டுவிடாது. சொல்லுக்குப் பஞ்சமில்லை, பொருளைத் தொட்டுக் காட்டும் கைக்குத்தான் பஞ்சம்.

இன்னொன்றும் சொல்வேன். இன்டெல் தொழிற்சாலை 1972இல் பினாங்குக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பாயான் லெப்பாசில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. இருவழி வானொலிப் பேசிகளைச் செய்து உலகுக்கு அனுப்பும் ஊர்களில் நம் பினாங்கும் ஒன்று. அந்த ஆலைகளில் நம் அக்காமாரும் தங்கைமாரும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து இரவும் பகலும் உழைத்தார்கள். அவர்கள் கையில் பிறந்த கருவி எப்படிப் பேசுகிறது என்பதை அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் நாம் விளக்கினோமா? துறைமுகக் கிரேன்களின் அடியில் பேசியைக் காதில் வைத்து நின்ற நம் ஆண்கள் எத்தனை பேர்! பொத்தானை அழுத்தும் வேலை நமக்கு. அதை ஆக்கும் அறிவு பிறருக்கு என்ற பங்கீட்டை யார் எழுதினார்கள்? நம் மௌனமும் அதில் கையொப்பம் இட்டிருக்கிறது.

மூன்றாம் மறுப்பு: "தேர்வில் வராதே!" ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. நாம் ஒளிந்துகொண்டிருந்த அந்தத் தூணும் சரிந்துவிட்டது. இனி எதன் பின்னால் ஒளிவோம்?

ஒழுங்கைப் பற்றியும் ஒரு சொல். அலை யாருக்கும் தனிச்சொத்தன்று. அனுப்பும் கருவி எதுவாயினும் நம் நாட்டில் சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். இணையத்தில் கண்டதையெல்லாம் வாங்கி, ஆற்றல்பெருக்கியைச் சேர்த்து, அண்டை வீட்டு வானொலியைக் கரகரக்க வைப்பது வீரமன்று. துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 156.8 மெகாஹெர்ட்சில் இயங்கும் 16ஆம் கடல்தடம், மூழ்கும் கப்பலின் குரலுக்கென உலகமே வழிவிட்டு வைத்திருப்பது. அதில் விளையாட்டுக்காகக் குரல் கொடுப்பவன், தீயணைப்பு வண்டியின் பாதையில் கட்டில் போட்டுப் படுப்பவனுக்கு ஒப்பாவான். இதையும் நாமே சொல்லித் தர வேண்டும். சட்டம் தண்டித்துக் கற்பிக்கும்வரை காத்திருக்கலாகாது.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். கருகிய கம்பியோடு வந்தவனைப் பள்ளிக்கு அழைத்தேன். ஐந்தாம் ஆண்டு வகுப்பின் முன் அவனை நிறுத்தி, புகை வந்த கதையைத் தமிழில் சொல்லச் சொன்னேன். தயங்கினான், தொடங்கினான். கறுப்புக் கம்பியை மேசைமேல் வைத்தான். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "அண்ணா, அப்படியானால் ஃபியூஸைக் கறுப்புக் கம்பியிலும் வைத்திருக்கலாமே?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். என் கரும்பலகைப் படம் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட எழுப்பாத கேள்வி அது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை கம்பி ஆடும் வண்டியைச் சாலையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள். "தம்பி, இதன் நீளம் ஏன் இவ்வளவு?" என்று கேளுங்கள். அவனுக்கு விடை தெரிந்தால் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியாதென்றால், இருவருமாக உட்கார்ந்து படியுங்கள். கொம்பு முளைத்தால் மட்டும் போதாது. அதன் அடியில் ஒரு குரல் இருக்க வேண்டும். அது நம் தமிழ்க் குரலாகவும் இருக்கட்டும்.