பனிக்கரடியும் ஐஸில் போட்ட மீனும்

இசைவாக்கம் என்றால் உடனே பனிக்கரடி. வெள்ளை உரோமம், தடித்த கொழுப்பு என்று எழுதினால் புள்ளி விழுந்துவிடும். பனியையே காணாத கல்முனைப் பிள்ளைகளுக்கு இது எதற்கு, களப்போரத்துக் கண்டல் போதாதா என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கண்டல் கட்டாயம் வேண்டும். ஆனால் துருவத்தைக் கைவிட நாங்கள் உடன்பட மாட்டோம். தொடங்கும் இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

சாய்ந்தமருது, மருதமுனைப் பிள்ளைகளுக்கு ஐஸில் போட்ட மீனைத் தெரியும். நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்து வெப்பமானியை வைத்தால் 0 பாகைக்குக் கீழே இறங்கும். அந்தாட்டிக்காக் கடலும் உப்பினால்தான் −1.9 பாகை செல்சியஸ் வரை உறையாமல் கிடக்கிறது. ஆனால் சாதாரண மீனின் குருதி ஏறத்தாழ −0.8 பாகையிலேயே உறையக்கூடியது. அப்படியென்றால் அங்குள்ள மீன் எப்படி உயிரோடிருக்கிறது? பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்கத் தர்க்கிக்கட்டும், அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். 1960களில் ஆதர் டிவ்ரைஸ் கண்டது இது: அம்மீன்களின் குருதியிலுள்ள ஒருவகைப் புரதம் நுண்ணிய பனிப் பளிங்குகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது.

"குளிருக்காகக் கரடிக்கு உரோமம் வளர்ந்தது" என்ற விடைக்கும் பல இடங்களில் சரி போடப்படுகிறது. அது பிழை. குளிரைத் தாங்கும் இயல்பு உள்ளவை பிழைத்துக் குட்டி போட்டன, அந்த இயல்பு தலைமுறைகளாக நிலைத்தது. இந்த வேறுபாடு தெரியாமல் உயர்தர உயிரியலுக்குள் போகும் பிள்ளை கூர்ப்புப் பாடத்தில் தடுமாறும், பிறகு ரியூஷனுக்குக் காசு கட்டும்.