நொறுங்கிய சின்னங்கள்

மாதிரி விமானம் கட்டும் பொழுதுபோக்கு நம் நாட்டில் மிகச் சிலருக்கே உண்டு. ஆயினும், அந்தச் சிலரில் ஒருவர் ஒரு வீட்டில் இருந்துவிட்டால், அந்த விஷயம் வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் பசை வாசனை வீசும். ஜன்னல் ஓரத்தில் இறக்கைகள் காய்ந்துகொண்டிருக்கும். காணாமற்போன சிறு சக்கரம் ஒன்றைத் தேடிக் குடும்பத்தார் அனைவரும் தரையில் குனிந்திருப்பார்கள். அத்தகைய வீடுகளை உத்தேசித்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

விமானப் பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளோடு ஒரு சிறு தாளும் இருக்கும். இறக்கையிலும் உடலிலும் ஒட்டவேண்டிய வட்டங்கள், எழுத்துக்கள், எண்கள் யாவும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் இந்தச் சின்னங்களுக்கு டெக்கல் என்று பெயர். டெக்கால்கோமனி என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. பிளாஸ்டிக் ஐம்பது வருஷமானாலும் அப்படியே இருக்கும். இந்தத் தாளோ வெகு சீக்கிரம் மூப்படைந்துவிடும்.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன், காலஞ்சென்ற தன் பாட்டனார் கட்டாமலே வைத்துவிட்டுப் போன ஹரிக்கேன் விமானப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. துண்டுகள் நேற்று வாங்கியவைபோல் இருந்தன. டெக்கல் தாள் மட்டும் பழுத்து, வெடித்த வயல் மாதிரி விரிசல் கண்டிருந்தது. "வேறு பெட்டியிலிருக்கும் சிவப்புப் பொட்டு வட்டத்தை ஒட்டிவிடலாமா, சார்?" என்று கேட்டான்.

கூடாது என்றேன். காரணம் இருக்கிறது. அந்தத் தாளிலிருந்தவை பர்மாப் போர்முனைக்குரிய சின்னங்கள். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்துக்கு நடுவே வழக்கமாகச் சிவப்பு இருக்கும். ஜப்பானிய விமானங்களின் சின்னமும் செவ்வட்டமே. போர்க்களத்தில் அண்ணாந்து பார்ப்பவன் ஒரு கணம் மயங்கினாலும், தன் பக்கத்து விமானத்தையே சுட்டு வீழ்த்திவிடக்கூடும். ஆகவே 1942-ல் அமெரிக்கர் தங்கள் நட்சத்திரத்தின் மத்தியிலிருந்த செம்புள்ளியை நீக்கினார்கள். இந்திய, பர்மாப் பகுதிகளில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் சிவப்பு மறைந்தது. கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீலம் வந்தது. 1944-ல் இம்பால் முனையில் அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன்களை ஓட்டிப் போரிட்ட நம் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனும் அந்தப் போர்முனையைச் சேர்ந்ததுதான். அத்தகைய விமானத்தில் சிவப்புப் பொட்டை வைத்தால், பார்வைக்கு அழகாயிருக்கலாம், சரித்திரம் பொய்யாகிவிடும். பிசகான புதுச் சின்னத்தைவிட, ஒட்டுப்போட்ட உண்மைச் சின்னமே மேல்.

இனி அதைக் காப்பாற்றும் வழியைச் சொல்கிறேன். டெக்கலில் அடியில் தாள். அதன்மேல் நீரில் கரையும் பசை. அதற்கும் மேல் மெல்லிய வார்னிஷ் படலம். அந்தப் படலத்தில்தான் வர்ணம் இருக்கிறது. நாளாவட்டத்தில் படலம் தன் நெகிழ்ச்சியை இழந்து உலர்ந்து போகிறது. தாளில் ஒட்டியிருக்கும்வரை விரிசல் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரில் போட்டவுடன் பசை கரைய, படலம் நூறு துணுக்குகளாகச் சிதறும். ஆகையால், செய்ய வேண்டியதெல்லாம் நனைப்பதற்கு முன்பே செய்யவேண்டும்.

முதற் காரியம், தாளுக்கு ஒரு பிரதி எடுத்துவைப்பது. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து ஸ்கானரில் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்ற முயற்சிகள் யாவும் தோற்றாலும் இது கைகொடுக்கும்.

படலம் மஞ்சளாகியிருந்தால், தாளை ஒரு கண்ணாடிக் காகித உறையிலிட்டு, சின்னம் வெளிப்புறம் நோக்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். சில நாள் வெயிலில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். தினமும் கவனிக்க வேண்டும். வெயில் மஞ்சளோடு நிற்காமல் வர்ணத்தையும் வெளுக்கச் செய்யும். மழைக்காலத்தில் இந்த யோசனையே வேண்டாம்.

அடுத்தது பரீட்சை. வேண்டாத எண் ஒன்றைக் கத்தரித்து நீரில் இட்டுப் பாருங்கள். முழுசாக நழுவி வந்தால் கவலையில்லை. உடைந்தால், மிச்சத் தாள் முழுவதற்கும் புதுப் படலம் போடவேண்டும். இதற்கென்றே விற்கும் திரவத்தைத் தூரிகையால் ஒரே திசையில் தடவலாம். அல்லது நிறமற்ற பளபளப்பு வார்னிஷை இரண்டு முறை மெல்லியதாகத் தெளிக்கலாம். கனமாகப் போட்டால் விளிம்பு தடித்துத் தெரியும். ஒரு நாள் முழுவதும் உலரட்டும்.

புதுப் படலம் தாள் முழுவதையும் மூடியிருப்பதால், ஒவ்வொரு சின்னத்தையும் அதன் விளிம்பையொட்டித் தனித்தனியே கத்தரித்துக்கொள்ள வேண்டும். பிறகு சாமணத்தால் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் தோய்த்து, மையொற்றும் தாளின்மேல் வையுங்கள். பசை தானாக இளகும். நீரிலேயே ஊறவிட்டால் பசையும் போய்விடும். சின்னமும் மிதந்து சுருண்டுவிடும். விரலால் மெள்ளத் தள்ளி, அசைகிறதா என்று பார்த்த பின்னரே விமானத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒட்டும் இடம் வழவழப்பாக இருப்பது அவசியம். சொரசொரப்பான வர்ணத்தின்மேல் ஒட்டினால், அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தாற்போல் தோன்றும். இடத்தில் தாராளமாக நீர் விட்டு, அதன்மேல் சின்னத்தை நகர்த்துங்கள். அப்படியும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதற வேண்டாம். நீர் இருக்கும்வரை துண்டுகள் மிதக்கும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, ஓரத்திலிருந்து நீரை ஒற்றி எடுத்தால் போதும். இடைவெளி தெரிந்தால், மறுநாள் அதே நிறத்தைக் குழைத்து மெல்லிய தூரிகையால் நிரப்பலாம். டெக்கலை இளக்கும் கடுமையான திரவங்களைப் பழைய சின்னத்தின்மேல் பரீட்சை பார்க்காமல் விடாதீர்கள். சில வர்ணங்கள் சுருங்கிவிடும். எல்லாம் உலர்ந்தபின் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒன்றுமே தேறாவிட்டால், முன்னே எடுத்துவைத்த பிரதி இருக்கிறது. அதை டெக்கல் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். வீட்டு இங்க்ஜெட் யந்திரங்களில் வெள்ளை மை கிடையாதாகையால், வெள்ளை வரவேண்டிய இடத்துக்கு வெள்ளைத் தாளையே உபயோகிக்க வேண்டும். வட்டங்களை மட்டும், வட்டம் வெட்டும் கருவியால் ஒட்டுத்தாளில் துளையிட்டு, அதன் வழியே வர்ணம் தீட்டிவிடலாம்.

என் மாணவனின் தாளில் பெரிய வட்டங்கள் நான்கும் பிழைத்தன. எண்களில் இரண்டு கையால் எழுதப்பட்டவை. விமானம் இப்போது அவன் பாட்டியாரின் அலமாரியில் நிற்கிறது.

உங்கள் பரண்மேல் இத்தகைய பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள். டெக்கல் தாளைத் தனியே எடுத்து, மெழுகுத் தாள் இரண்டுக்கு நடுவே தட்டையாக வைத்து, ஈரம் புகாத உறையில் இடுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதைச் சற்றும் தாமதிக்கலாகாது. ஈரக் காற்று பட்டால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அவ்விதம் ஒட்டியவற்றைப் பிரிப்பது மிகவும் கஷ்டம்.