ஆந்தை கேட்காத இரவுகள்

தை முடிந்ததும் நம்மில் பலர் காட்டுக்குக் கிளம்பிவிடுவோம். சிறு ஆந்தைகள் இணைதேடிக் குரல் கொடுக்கும் இந்த மாதங்களே நம் களப்பணிக்கு உகந்த காலம். கிளம்பும் முன் இவ்விதழின் சார்பில் ஒரு வேண்டுகோள். ஆந்தை கேட்ட இரவை எவ்வளவு கவனமாகக் குறிப்பேட்டில் எழுதுகிறோமோ, அதே கவனத்தோடு கேட்காத இரவையும் எழுத வேண்டும்.

நமக்கு வரும் கள அறிக்கைகளில் எந்த ஓடையருகே எந்த இனம் குரல் கொடுத்தது என்ற விவரம் குறைவின்றி இருக்கிறது. அதே குழு வேறு எந்தெந்த இடங்களில் நின்றது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, மழை பெய்ததா, நிலவு இருந்ததா என்பவை பெரும்பாலும் இருப்பதில்லை. வெறுங்கையோடு திரும்பிய இரவை எழுதி என்ன பயன் என்று எண்ணிவிடுகிறோம். முதிர்ந்த காடுகளை நம்பி வாழும் சிறு ஆந்தைகளின் விஷயத்தில் இந்த எண்ணம் பெரிய இழப்பில் முடியும்.

வனச் சிற்றாந்தையின் வரலாறு நாம் அறிந்ததுதான். 1873-இல் பறவையியலாளர் ஹ்யூம் இந்த இனத்தை விவரித்தார். 1884-இல் ஜேம்ஸ் டேவிட்சன் காந்தேஷ் பகுதியில் எடுத்ததே அந்தக் காலத்தின் நம்பத்தக்க கடைசி மாதிரி. குஜராத்தின் மாண்ட்வியில் 1914-இல் கிடைத்ததாகப் பறவை சேகரிப்பாளர் மைனர்ட்சாகன் ஒரு மாதிரியைக் காட்டினார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடிய டேவிட்சனின் மாதிரி என்பதும், மறுபடி பாடம் செய்து பொய்ச் சீட்டு ஒட்டப்பட்டது என்பதும் பறவையியலாளர் பமீலா ராஸ்முசெனின் ஆய்வில் வெளிவந்தன. அந்தப் பொய்ப் பதிவை ஒதுக்கிவிட்டு, பழைய மாதிரிகள் உண்மையில் கிடைத்த பகுதிகளுக்கே அவரும் பென் கிங்கும் டேவிட் அபாட்டும் தேடிப் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, நல்ல பகல் வெளிச்சத்தில், 113 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பறவை கண்ணில் பட்டது. பின்னர் மேல்காட்டிலும், 2014-இல் மும்பைக்கு அருகே தான்சாவிலும் பதிவானது.

ஒரு பொய்யான ‘இருக்கிறது’ தேடலைத் திசைதிருப்பும் என்பதை இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம். எழுதப்படாத ‘கேட்கவில்லை’யும் அதே கேட்டைச் செய்யும் என்பதை இன்னும் கற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் தேடியவர்கள் எந்தக் காட்டில், பகலிலா இரவிலா, எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பது ஒரே வடிவில் சேர்ந்திருந்தால், எங்கே தேடவே இல்லை என்பது அடுத்து வந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இலங்கையின் செரண்டிப் ஆந்தை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தீபால் வரகாகொட 1995-இல் கிதுல்கல மழைக்காட்டில் அறிமுகமில்லாத ஒரு மெல்லிய குரலைக் கேட்டார். எந்த இனத்தோடும் பொருந்தாத அந்தக் குரலை அவர் கைவிடவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் பறவையைக் கண்டார். 2004-இல் அவரும் ராஸ்முசெனும் அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். 1868-க்குப் பிறகு அத்தீவில் அறியப்பட்ட முதல் புதிய பறவையினம் அது. 1970-களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவில் மரம் வெட்டப்பட்டபோது அதை நிறுத்தப் போராடிய திலோ ஹாஃப்மனின் பெயரை அதற்கு இட்டார்கள். வெட்டு அன்றே நிற்காமல் போயிருந்தால், பெயரிடப்படும் முன்பே அந்தக் காட்டில் எவ்வளவு அழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அடையாளம் தெரியாத குரல்’ என்று எழுதிவைக்கும் ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் இடத்தில் ஆந்தை இருந்தும், ஓர் இரவில் அதைக் கேட்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவு போனால் தவறவிடும் வாய்ப்பு 70. மூன்று இரவு போனால் ஏறக்குறைய 34, ஐந்து இரவு போனால் 17, எட்டு இரவு போனால் 6. ஒருமுறை நின்று கேட்டுவிட்டு ‘இங்கே இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு பிழையானது என்பது இதிலேயே விளங்கும். 2002-இல் மெக்கென்சியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட புள்ளியியல் முறை இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன பதிவுகளைக் கொண்டு, உண்மையில் இல்லாததையும் நாம் தவறவிட்டதையும் அது பிரித்துக் காட்டும். அந்த முறைக்குத் தீனி நம் வெற்று இரவுகள்தான்.

வெற்றுப் பதிவையும் விடாமல் எழுதுவதன் பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃபின்லாந்தின் கௌஹாவா பகுதியில் எர்க்கி கோர்பிமாக்கியின் குழு 1970-களிலிருந்து டெங்மால்ம் ஆந்தைகளைத் தொடர்ந்து ஆராய்கிறது. நூற்றுக்கணக்கான கூட்டுப்பெட்டிகளை ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். ஆந்தை இருந்த பெட்டியோடு காலிப் பெட்டியும் கணக்கில் ஏறுகிறது. முதிர்ந்த காடு மிகுதியாக உள்ள எல்லைகளில் ஆண் ஆந்தைகள் அதிக ஆண்டுகள் உயிர்பிழைக்கின்றன என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அப்படித் தொடர்ந்த பதிவின் பலத்தால்தான்.

காட்டையும் அதே ஒழுங்கோடு அளக்க வேண்டும். சிறு ஆந்தைகள் தாமாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன பொந்து, அல்லது கிளை முறிந்த இடம் உளுத்து உண்டான பொந்து வேண்டும். இரண்டுக்கும் வயதான மரம் வேண்டும். ஆகவே குரல் கேட்ட இடத்திலும் கேட்காத இடத்திலும் ஒரே அளவுள்ள வட்டம் போட்டு, மார்பளவு உயரத்தில் பெருமரங்களின் சுற்றளவு, நின்றபடி பட்டுப்போன மரங்களின் எண்ணிக்கை, கண்ணுக்குத் தெரியும் பொந்துகள், மேற்கவிகையின் அடர்த்தி ஆகியவற்றை எழுதுங்கள். கேட்ட இடத்தை மட்டும் அளந்தால் அந்த இடம் எதனால் வேறுபட்டது என்று சொல்லவே முடியாது. பட்ட மரத்தை விறகு என்றும் இடைஞ்சல் என்றும் பார்க்கும் நிர்வாகத் திட்டங்களுக்கு எதிராக நாம் வைக்கக்கூடிய வலுவான சான்றும் இந்த ஒப்பீடுதான்.

குரல் ஒலிக்கவிட்டுப் பதில் கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பயனுள்ள முறை. ஆனால் அடைகாக்கும் பெட்டை கூட்டை விட்டு வெளியே வரும்; பெரிய ஆந்தைகளின் கவனமும் அங்கே திரும்பும். முதலில் மௌனமாக நின்று கேளுங்கள். ஒலிக்கவிட்டால் சிறிது நேரமே ஒலிக்கவிட்டு, பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடு தெரிந்த இடத்தில் ஒலிக்கவே வேண்டாம். இன்று தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனைமலையிலோ நெல்லியாம்பதியிலோ தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் ஒரு கருவி வாரக்கணக்கில் யாரையும் தொந்தரவு செய்யாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் பதிவில் மௌனமும் நேரத்தோடு பதிந்திருக்கும். பதிவுகளை அழித்துவிடாதீர்கள், இன்று நமக்குப் புரியாத குரலை நாளை ஒருவர் அடையாளம் காணலாம்.

இத்தனையும் உழைப்பு கேட்பவை என்பதை அறிவோம். இரவெல்லாம் அட்டைக்கடியில் நின்றுவிட்டு, எதுவும் கேட்காத பத்து இடங்களுக்குப் படிவம் நிரப்புவது சலிப்பூட்டும் வேலை. அந்த உழைப்பை மதிப்பது பதிப்பிப்பவர்களின் கடமை. எனவே வரும் இதழ் முதல் ஆந்தைக் கணக்கெடுப்புக் கட்டுரைகளில், நின்ற இடங்கள் அனைத்தின் பட்டியல், ஒவ்வொன்றிலும் செலவிட்ட நேரம், சென்ற தடவைகள், வானிலை, நிலவு, பயன்படுத்திய முறை ஆகியவை கட்டாயமாகின்றன. எந்த ஆந்தையும் பதிவாகாத கணக்கெடுப்பு முறையாகச் செய்யப்பட்டிருந்தால், அதையும் முழுக் கட்டுரையாக ஏற்று வெளியிடுவோம். அரிய இனங்களின் கூட்டிடங்களைத் துல்லியமாக அச்சிட மாட்டோம். அவை மதிப்பீட்டாளர்களுக்கு மட்டும் காட்டப்படும்.

ஒரு காட்டுத் துண்டை வெட்டலாமா என்ற கேள்வி எழும்போது, ‘அங்கே ஆந்தை இருப்பதாகப் பதிவே இல்லை’ என்று யாராவது சொல்வார். யாரும் தேடாததால் பதிவில்லையா, தேடியும் கிடைக்காததால் பதிவில்லையா என்ற கேள்விக்கு விடை சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். அந்த விடையை இந்தப் பருவத்தின் குறிப்பேடுகளில்தான் எழுத முடியும்.